தெப்ராவ் அபினும் மார்பினும்

1844ஆம் ஆண்டு தெமெங்கோங் இப்ராகிமின் ஒப்புதல் பெற்றுத் தான் கீ சூன் தெப்ராவ் ஆற்றங்கரையில் காம்பியர், மிளகுத் தோட்டங்களை நிறுவினார். ஜொகூரின் இத்தகைய தோட்டங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் உடல்வலி மறக்கக் கடனுக்கு அபின் வாங்கினர். அபின் விற்பனைக் குத்தகை ஜொகூர் அரசின் முதன்மை வருவாய்களுள் ஒன்றாயிற்று. வலி தணித்த பொருளே கடன்தளையும் ஆயிற்று.

அதே அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்பினைக் கடும் புற்றுநோய் வலிக்குரிய மருந்தாக உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வலியுறுத்தியது. இன்று புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பாராசிட்டமால், அழற்சி தணிக்கும் மருந்துகள், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஆகியவற்றை இணைத்து மார்பின் அளவைக் குறைக்கின்றனர். வாந்தி, மலச்சிக்கல், மூச்சுத் தளர்ச்சி ஆகியனவும் அதனால் குறைகின்றன. அளவைக் குறைப்பது வேறு. வலியைத் தீர்க்காது விடுவது வேறு. அபின் மீதான பழைய அச்சத்தால் மார்பினை அறவே மறுப்போர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.