நஞ்சுக்கொடியும் எமது தாய்மாரும்

குழந்தை பிறந்த செய்தி வந்ததும், வெளியே காத்திருக்கும் முதியவர்கள் அடுத்துக் கேட்பது, "நஞ்சு விழுந்ததா?" என்பதாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய தலைமுறையினர் நாவில் இச்சொல் இன்னும் வழங்குகின்றது. நாம் வகுப்பிற் படிப்பிக்கும் நூல்களோ அதனைச் சூல்வித்தகம் என்கின்றன. கருவுக்கு மாதக்கணக்கில் உணவும் உயிர்வளியும் ஊட்டிய உறுப்பை நஞ்சு என்றழைத்தது ஏன்? பேற்றின்பின் அது உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கு மோசம் என்னும் கொடிய அனுபவத்தினின்று அப்பெயர் பிறந்திருத்தல் கூடும். இதனை அறியாமை என நகைப்போர் ஒன்றை மறத்தலாகாது. கர்ப்பிணிக்குக் குருதியமுக்கம் ஏறி, சிறுநீரிற் புரதம் கண்டு, ஈற்றில் வலிப்பு வந்து உயிர்போகும் நோய்க்கு ஐரோப்பிய மருத்துவர்களும் குருதியில் நஞ்சேறுதல் என்ற பொருளிலேயே நெடுங்காலம் பெயர் வழங்கினர். எந்த நஞ்சு என்று மட்டும் அவர்களாற் காட்ட இயலவில்லை.

சூல்வித்தகம் வெறும் வடிகட்டி அன்று, அதுவும் ஒரு சுரப்பியே என்ற கருத்தை 1905இல் வியன்னாவில் யோசப் ஹல்பன் முன்வைத்தார். 1920களின் பிற்பகுதியில், பேர்லினில், செல்மர் அஷைமும் பேர்ண்ஹாட் சொண்டெக்கும் கர்ப்பிணியின் சிறுநீரில் ஓர் ஓமோனைக் கண்டு, அதனைச் சுண்டெலிக்கு ஏற்றிக் கருவுற்றமையை அறியும் சோதனையை வகுத்தனர். அந்த ஓமோன் சூல்வித்தகத்திலேயே உருவாகின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. இருவரும் யூதர், நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவராயினர்.

ஓமோன் கட்டளையிட, கலத்திலுள்ள மரபணு விழித்தெழ, புரதம் ஆக்கப்படுகின்றது. ஆயின் ஒரே கட்டளைக்கு எல்லா உறுப்புகளும் ஒருபடித்தாய்ப் பணிவதில்லை. கோட்டிசோல் என்னும் ஓமோன், தன் சுரப்பைத் தூண்டும் தொடரின் தலையில் நிற்கும் ஒரு சிறு புரதத்தை மூளையில் அடக்குகின்றது. சூல்வித்தகத்திலோ அதே புரதத்தை மிகுவிக்கின்றது. பேற்றுக்காலம் நெருங்க நெருங்கத் தாயின் குருதியில் அதன் அளவு ஏறுகின்றது. சூல்வித்தகத்தை ஒரு கடிகாரம் என்று 1995இல் ஆய்வாளர் உவமித்தமைக்கு இதுவே காரணம்.

பழைய நஞ்சுக்கு 2003இல் ஓர் உருவம் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஆய்வு நிகழ்த்திய அனந்த் கருமாஞ்சியும் அவர் குழுவினரும், இந்நோயுற்ற தாய்மாரின் சூல்வித்தகம் ஒரு புரதத்தை மிகையாக ஆக்குவதைக் கண்டனர். குருதிக்குழாய்களைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அது பற்றி முடக்கிவிடுகின்றது. எலிகளுக்கு அதனை ஏற்றியபோது அவற்றுக்கும் குருதியமுக்கம் ஏறியது. சிறுநீரிற் புரதம் கண்டது. நலமான கர்ப்பத்திலும் உருவாகும் புரதமே அது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே உவமையாகவன்றி நேர்ப்பொருளிலேயே நிற்கின்றது.

ஆயின் கொழும்பின் தாய்மார் 2003 வரை காத்திருந்தனரல்லர்! சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் இந்நகரில் மகப்பேற்று வைத்தியசாலை திறக்கப்பட்டது. தமிழர் ஒருவரை மணந்து 1896இல் இங்கு வந்த கனடிய மருத்துவர் மேரி இரத்தினம், பெண்களின் உடல்நலத்துக்கும் வாக்குரிமைக்கும் ஒருங்கே உழைத்தார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்கும் தெரிவானார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அதன் வழியே மருத்துவிச்சி வைத்தியசாலை வாசலைத் தாண்டிக் குடிசையின் படலைக்கே வந்துசேர்ந்தாள். சிறுநீரைச் சோதனைக் குழாயிற் காய்ச்சினால் புரதம் வெண்மையாய்த் திரளும். கையிற் பட்டி கட்டினால் அமுக்கம் தெரியும். நஞ்சின் பெயர் அறியாமலே அதன் வருகையை அறிய இவை போதுமாயின. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அத்தொகை நூறுக்குக் கீழ் இறங்கியது. இலவசக் கல்வி பெற்ற பெண் தன் உடலைப் பற்றிக் கேள்வி கேட்கத் துணிந்தமையும் இவ்வெற்றியிற் பங்குடையது என்பது எமது துணிபு.

தோட்டம் என்னும் சொல்லுக்குக் கொழும்பில் ஒரு தனிப்பொருள் உண்டு: ஒரே தண்ணீர்க்குழாயைப் பல குடும்பங்கள் பகிரும் நெருக்கமான குடியிருப்பு. மலையகத்திலோ அது தேயிலைத் தோட்டம். முன்னதற்குள் மாநகரத்தின் மருத்துவிச்சி நுழைந்தாள். பின்னதற்குள் அரசின் சேவை மிகப் பிந்தியே சென்றது. 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையாகும் வரை, அங்குள்ள பெண்ணின் பேறு பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தது.

கருமாஞ்சி கண்ட புரதத்தை அளந்து ஆபத்தை முன்கூட்டி அறியும் சோதனை 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது விலையுயர்ந்த பொருள். மலிவான வழியொன்றும் உண்டு. ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகள் தொடக்கத்திலிருந்தே நாடோறும் அஸ்பிரின் உட்கொண்டால், குறைமாதத்தில் இந்நோய் காண்போர் நூற்றுக்கு 4.3இலிருந்து 1.6ஆகக் குறைவர் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எளிய வில்லை அது. ஆனால் அதனைத் தொடங்குவதற்கு முதல் மூன்று மாதத்துக்குள் அவள் கிளினிக்குக்கு வந்தாக வேண்டும்; நாட்கூலி வாங்குபவளுக்கு அது ஒருநாட் சம்பளம்.