ஓவடோனாவின் உழவர் வங்கி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பால்பண்ணைகள் சூழ்ந்த சந்தை ஊரான ஓவடோனாவில் 1908இல் கட்டி முடிக்கப்பட்ட தேசிய உழவர் வங்கி, வானுயர் கட்டடங்களின் முன்னோடியான லூயி சல்லிவன் தம் பிற்காலத்தில் சிற்றூர்களுக்கென வடிவமைத்த வங்கிகளுள் முதலாவதும், ஐயமின்றித் தலைசிறந்ததும் ஆகும். அக்கால வங்கிகள் கிரேக்கக் கோயில் தூண்களை நாடியபோது, அவர் செம்மணற்கல் அடித்தளத்தின்மீது செங்கற்சுவரை எழுப்பி, தெருவை நோக்கிய இரு முகப்புகளிலும் அகன்ற அரைவட்ட வளைவுகளுக்குள் வண்ணக் கண்ணாடிகளைப் பதித்தார். சுவரை அணிசெய்யும் சுடுமண் வேலைப்பாடுகள், அதாவது அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட களிமண் அலங்காரங்கள், பெரிதும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவண்ணம். உட்கூடச் சுவரோவியங்களில் பசுக்களும் அறுவடையும் இடம்பெற்றிருப்பது, உழவரின் தொழிலுக்கு அக்கட்டடம் அளித்த மதிப்பைக் காட்டுகிறது. 1940இல் நடந்த மாற்றங்களில் காசாளர் கூண்டுகள் அகற்றப்பட்டது ஈடுசெய்ய முடியாத இழப்பு; ஆயினும் 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கட்டடத்தின் வெளித்தோற்றம் பெரிதும் பழைய நிலையிலேயே பேணப்பட்டுள்ளது.