இரவல் பெயர், சொந்த மூச்சு

என் உத்தியோக காலம் முழுவதும் பெயரும் பிறந்த தேதியும் சரிபார்ப்பதிலேயே கழிந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுவைக்காரன் நான். 'எத்தா சிவில்' பதிவேட்டில் இல்லாதவன் ஆளே இல்லை என்ற எண்ணம் சின்ன வயதிலேயே மனதில் ஊறிவிட்டது. அதை அசைத்தவர் ஒரு மவுத் ஆர்கன்காரர்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாய்மாமா ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தார். உறையில் சன்னி பாய் வில்லியம்சன் என்று போட்டிருந்தது. அது அவருடைய பெயரே இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் அலெக் மில்லர். ஊரில் ரைஸ் மில்லர் என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வார விவசாயம் செய்த கறுப்பினக் குடும்பம். பிறந்தது 1899 என்று அவரே சொல்லிக்கொண்டார். 1920 குடிக்கணக்கைப் பார்த்தவர்கள் 1912 இருக்கலாம் என்கிறார்கள்.

உண்மையான சன்னி பாய் வேறொருவர். டென்னசியில் பிறந்த ஜான் லீ வில்லியம்சன். 1937-லேயே இசைத்தட்டு கொடுத்துப் புகழ்பெற்றவர். 1941 நவம்பரில் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹெலினா ஊர் வானொலியில், ஒரு மாவுக் கம்பெனியின் விளம்பரத்துக்காக மதிய நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. அதில் நம்மவர் சன்னி பாய் என்ற பெயரில் வாசித்தார். சோளமாவுப் பையிலும் அந்தப் பெயரோடு அவர் படம் வந்தது. ஜான் லீ 1948-ல் சிகாகோவில் கொலையுண்டார். மில்லரோ, அசல் சன்னி பாய் நான்தான் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

இவ்வளவு பொய் சொன்னவரின் வாசிப்பில் ஒரு பொய்கூட இல்லை. அந்த வாத்தியத்தில் பத்தே துளைகள். ஸ்வரங்களும் குறைவு. ப்ளூஸ்காரர்கள் ஊதுவதைவிட உள்ளே இழுப்பதில்தான் வேலையைக் காட்டுவார்கள். மூச்சை இழுத்து, நாக்கையும் தொண்டையையும் மாற்றி, ஸ்வரத்தை வளைத்துக் கீழே இறக்குவார்கள். மில்லர் ஒரு வரி பாடுவார், மவுத் ஆர்கன் பதில் சொல்லும். உள்ளங்கையைக் குவித்துத் திறந்தால் குழந்தை அழுவது போலிருக்கும். நடுவில் சும்மா இருப்பார். அந்த இடைவெளியும் பாட்டுத்தான்.

முதல் இசைத்தட்டே 1951-ல்தான், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், லில்லியன் மக்மரி என்ற பெண்மணி நடத்திய கம்பெனியில். 1963-ல் ஐரோப்பா போனபோது இரண்டு நிற கோட், வட்டத் தொப்பி, குடை சகிதம் மேடையேறினார். பின்னால் வாசித்த ஆங்கிலேயப் பையன்களில் எரிக் கிளாப்டனும் ஒருவர்.

இதைப் படித்தபோது ஒரு பழைய கோப்பு ஞாபகம் வந்தது. கடைநிலை ஊழியர் ஒருவரின் விதவை, குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்திருந்தார். சர்வீஸ் புக்கில் கணவருக்கு ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறொன்று. "ரெண்டும் ஒரே ஆளுதாங்கய்யா" என்றார். நான் ஆட்சேபம் எழுதித் திருப்பிவிட்டேன். இரு பெயரும் ஒருவரே என்று சான்றிதழ் வாங்கிவர அந்த அம்மாளுக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் அந்த மனிதர் தினமும் என் மேஜைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர். அவர் யாரென்று எனக்குத் தெரியும்.

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய மில்லர் மறுபடி ஹெலினா வானொலியில் வாசித்தார். 1965 மே 25 அன்று நிகழ்ச்சி நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். கூட வாசிக்கும் டிரம்மர் தங்கியிருந்த அறைக்கே தேடிப் போனார். மில்லர் படுக்கையிலேயே இறந்துகிடந்தார்.

டட்வைலர் ஊருக்கு வெளியே அவரைப் புதைத்தார்கள். பின்னாளில் கல்லறைக்கல் வைத்துக் கொடுத்தவர் அதே லில்லியன் மக்மரி. அதில் பிறப்பு 1908 மார்ச் 11, இறப்பு 1965 ஜூன் 23 என்று வெட்டியிருக்கிறார்கள். இறந்த தேதியே தப்பு.

அந்தக் காலத்தில் இது என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் ஆட்சேபம் எழுதியிருப்பேன். இப்போது மாமாவின் இசைத்தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.