‘திருத்தம்’ என்ற சொல்லின் எல்லை

அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற தொடரும் உடன் வந்துவிடுகிறது. ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தின் எந்த உறுப்பிலும் அந்தத் தொடர் இல்லை. நாடாளுமன்றம் அதனை இயற்றவில்லை. 1950-க்குப் பிறகு நீதிமன்றத்தில் உருவானது அது. ‘திருத்தம்’ என்ற ஒரு சொல்லுக்கு எதுவரை பொருள் கொள்ளலாம் என்ற கேள்விதான் அதற்கு வித்திட்டது. அந்த வரலாற்றில் சட்ட அறிஞர் ஒருவரின் விரிவுரைக்கு உள்ள இடத்தை இப்பதிவில் எழுத விரும்புகிறேன்.

வழக்கு நிலத்தில் தொடங்கியது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் காக்க 1951-இல் முதல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஒன்பதாம் அட்டவணை பிறந்தது அப்போதுதான். அதில் முதலில் இடம்பெற்ற 13 சட்டங்களும் நிலம் தொடர்பானவை. அத்திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில், அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி.

1964 அக்டோபரில் சஜ்ஜன் சிங் வழக்கில் பெரும்பான்மை அதே நிலையில்தான் நின்றது. ஆனால் ஹிதாயதுல்லா, முதோல்கர் ஆகிய இரு நீதிபதிகள் ஐயம் எழுப்பினர். அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு ஒன்றை மாற்றுவதைத் திருத்தம் என்று சொல்லலாமா, அல்லது அது ஒரு பகுதியைப் புதிதாக எழுதுவதற்கு ஒப்பாகுமா என்று முதோல்கர் கேட்டார். விடையை அவர் சொல்லவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து, 1965 பிப்ரவரியில், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டீட்ரிக் கான்ராட் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளுறையாக எல்லைகள் உண்டா என்பதே பொருள். அவர் சில கேள்விகளை அடுக்கினார். சட்டத்தின் அனுமதியே இன்றி ஒருவரின் உயிரைப் பறிக்கலாம் என்று 21-ஆம் உறுப்பைத் திருத்த முடியுமா? முதல் உறுப்பைத் திருத்தித் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் நாட்டை இரண்டாக்க முடியுமா? திருத்தும் அதிகாரத்தைக் கொண்டே அரசியலமைப்பை நீக்கிவிட்டு முகலாயப் பேரரசரின் ஆட்சியையோ பிரித்தானிய முடியாட்சியையோ திரும்பக் கொண்டுவர முடியுமா?

இரண்டாவது கேள்வியை இன்று படிக்கும் தமிழர் சற்று நின்றுவிடுவர். பிரிவினை முழக்கத்துக்கு எதிராக 16-ஆம் திருத்தம் நிறைவேறியது 1963-இல். அவர் பேசிய பிப்ரவரியில் சென்னை மாநிலம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்த நாளில் அது வெறும் வகுப்பறைக் கற்பனையாக ஒலித்திருக்க முடியாது.

கான்ராட் இப்படிக் கேட்டதற்கு அவருடைய நாட்டின் வரலாறும் காரணம். 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பை மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் திருத்தலாம். அந்த வழியிலேயே 1933 மார்ச்சில் சட்டமியற்றும் அதிகாரம் இட்லரின் அமைச்சரவைக்குக் கைமாற்றப்பட்டது. வைமார் அரசியலமைப்பை நாஜிகள் முறைப்படி நீக்கவே இல்லை. அது ஏட்டில் இருந்தது, ஆட்சி வேறாக இருந்தது. அந்தப் பாடத்தால்தான் 1949-ஆம் ஆண்டின் ஜெர்மானிய அடிப்படைச் சட்டம், மனித மாண்பு உள்ளிட்ட சிலவற்றை எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது என்று 79-ஆம் உறுப்பில் எழுதிவைத்தது. இந்திய அரசியலமைப்பில் அத்தகைய வரி இல்லை. எழுதப்படாத இடத்திலும் எல்லை இருக்க முடியுமா என்பதுதான் பனாரஸ் விரிவுரையின் சிக்கல்.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. யாரும் பேசாத வாக்கியங்களை நாங்கள் வேண்டுமென்றே உருவாக்கிப் பார்ப்போம். யாராவது அப்படிப் பேசிவிடுவார்கள் என்ற அச்சத்தால் அன்று; எந்த இடத்தில் இலக்கணம் ‘இது தமிழ் ஆகாது’ என்கிறது என்பதை அறிவதற்காக. கான்ராடின் கேள்விகளும் அத்தகையவை. அவை வருவதுரைக்கவில்லை, ‘திருத்தம்’ என்ற சொல் எந்த இடத்தில் முறிகிறது என்று சோதித்தன.

தமிழில் அச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. பிழை திருத்துகிறோம், பிரதி அப்படியே இருக்கிறது, பிழை மட்டும் போகிறது. காடு திருத்திக் கழனியாக்குகிறோம். அங்கே கழனி இருக்கிறது, காடு இல்லை. இரண்டுக்கும் வினை ஒன்றே. நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வியும் இதுதான்: 368-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்குத் தருவது பிழை திருத்துபவரின் பேனாவா, காடு திருத்துபவரின் கோடரியா?

1967-இல் கோலக்நாத் வழக்கு வந்தது. பஞ்சாபின் நில உச்சவரம்பை எதிர்த்த ஒரு குடும்பத்தின் வழக்கு அது. வழக்கறிஞர் எம். கே. நம்பியார் கான்ராடின் விரிவுரையை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில், அடிப்படை உரிமைகளைப் பறிக்கவோ குறைக்கவோ இயலாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் உள்ளுறை எல்லை என்ற வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்ட பெரும்பான்மை, அதை முடிவு செய்யாமல் வேறு வழியில் சென்றது.

நாடாளுமன்றம் 1971-இல் 24-ஆம் திருத்தத்தால் பதிலளித்தது. ‘கூட்டல், மாற்றல், நீக்கல்’ ஆகிய மூன்று வினைகளும் 368-ஆம் உறுப்பில் சேர்க்கப்பட்டன. சொல்லின் எல்லை பற்றிய சர்ச்சையை மேலும் சொற்களால் தீர்க்கும் முயற்சி அது.

தீரவில்லை. காசர்கோட்டு எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 13 நீதிபதிகள் முன் 68 நாட்கள் விசாரிக்கப்பட்டது. 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் விடை கிடைத்தது: எந்த உறுப்பையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கலாகாது. எண்ணிக்கையைத் தீர்மானித்தது நீதிபதி கன்னாவின் நிலைப்பாடு. திருத்தம் என்றால் பழைய அரசியலமைப்பு தன் அடையாளத்தை இழக்காமல் எஞ்சியிருக்க வேண்டும் என்றார் அவர். கான்ராடின் கருத்தையும் தம் தீர்ப்பில் ஏற்று எடுத்தாண்டார். சொத்துரிமையை அடிப்படைக் கட்டமைப்பில் அவர் சேர்க்கவில்லை. கேரளச் சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த 29-ஆம் திருத்தமும் நிலைத்தது.

சோதனை இரண்டே ஆண்டுகளில் வந்தது. நெருக்கடி நிலையின்போது, பிரதமரின் தேர்தல் வழக்கை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் செய்ய 39-ஆம் திருத்தம் நிறைவேறியது. அதை விசாரித்த ஐவரில் நால்வர் 1973-இல் சிறுபான்மைத் தரப்பில் நின்றவர்கள். ஆயினும் 1975 நவம்பரில் அந்தப் பிரிவு செல்லாது என்றே தீர்ப்பு வந்தது. பனாரஸில் ‘நடக்குமா’ என்று தோன்றிய கேள்விக்குப் பத்தாண்டுகளில் நாடே விடை கண்டுவிட்டது.

ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான கோட்பாடு என்று இதைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. காலவரிசை அதை ஏற்காது. முதோல்கரின் ஐயம் விரிவுரைக்கு முந்தையது. கேள்வி இங்கேயே இருந்தது. அதை வாதமாக வளர்க்கத் தேவையான தர்க்கத்தையும் வரலாற்று எச்சரிக்கையையும் அந்த அறிஞர் தந்தார்.

இன்னொரு குறையை எளிதில் ஒதுக்க முடியாது. எது அடிப்படை என்பதை யார் முடிவு செய்வது? மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள். மேலும், அந்தக் கதவைத் தட்டியவர்கள் நிலமற்ற உழவர்கள் அல்லர். நிலத்தை இழக்க விரும்பாதவர்கள். எல்லையைக் காக்கும் அதிகாரமும் எல்லை மீறக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் இது ஏன் அடிப்படை என்ற காரணத்தைத் தீர்ப்பு விரித்துச் சொல்ல வேண்டும். சட்ட ஆய்வாளர்கள் அதைக் கூராய்வு செய்ய வேண்டும்.

ஆய்வாளர்களின் ‘இப்படி நடந்தால்’ என்ற கேள்விகளை வீண் வேலை என்று கடந்துபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அத்தகைய கேள்விகளைக் கேட்கத் தகுந்த காலம், அவை நடவாதவை என்று தோன்றும் காலமே. நடக்கத் தொடங்கிய பின் கேட்கும் சுதந்திரமும் சேர்ந்தே திருத்தப்பட்டிருக்கலாம்.