அக்கிலீஸ் என்ற டெல்லி



போன வாரம் நம் பழைய மாணவர்கள் குழுவில் கடற்படை பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தம்பி, "சார், ஆரம்பத்துல நம்ம நேவி வெள்ளைக்காரன் கழிச்சுப் போட்ட கப்பலை வச்சுத்தானே ஓட்டுச்சு?" என்று கேட்டிருந்தான். நியாயமான கேள்விதான். குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் கடலுக்கும் தூரம். குண்டாற்றில் தண்ணீர் வந்தாலே ஊர் கூடிப் போய்ப் பார்க்கிற ஆட்கள் நாம். கடல் பார்க்க வேண்டுமானால் சாயல்குடி, வேம்பார் பக்கம் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் ஒரு போர்க்கப்பலின் பெயர் நம் வீட்டுப் பாட்டிமார் வாயில்கூடப் புழங்கியது. "அவனா, சரியான எம்டன்!" 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல்தான் எம்டன். அது இருந்த படைப்பிரிவுக்குத் தலைவர் வான் ஸ்பீ. அதே வருடம் டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே நடந்த சண்டையில் அவர் இறந்துபோனார். பின்னாளில் ஜெர்மனி ஒரு பெரிய கப்பல் கட்டி அவர் பெயரையே வைத்தது: அட்மிரல் கிராஃப் ஸ்பீ. நான் சொல்லவந்த கப்பல், அந்தக் கிராஃப் ஸ்பீயோடு மோதிய கப்பல்.

அதன் பெயர் அக்கிலீஸ். இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்ற ஊரில் கட்டி 1932இல் கடலில் இறக்கினார்கள். சுமார் 7,000 டன் எடையுள்ள குரூசர் வகை, 6 அங்குலப் பீரங்கிகள் எட்டு. 1936இல் நியூசிலாந்தின் கடற்படைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவில் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே அக்கிலீஸ், அஜாக்ஸ், எக்ஸிடர் என்ற மூன்று கப்பல்கள் கிராஃப் ஸ்பீயைச் சந்தித்தன. ஜெர்மன்காரனிடம் இருந்தவை 11 அங்குலப் பீரங்கிகள். மூன்று சிறியவர்கள் சேர்ந்து ஒரு பெரியவனை மறித்த கதை. அக்கிலீஸில் நால்வர் இறந்தார்கள், கேப்டன் பாரிக்குக் கால்களில் காயம். அடிபட்ட கிராஃப் ஸ்பீ மான்டிவிடியோ துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. நான்கு நாள் கழித்து அதன் கேப்டனே அதைத் தகர்த்து மூழ்கடித்துவிட்டார்.

1941இல் நியூசிலாந்துக்குத் தனிக் கடற்படை வந்தபோது அக்கிலீஸ் அதில் சேர்ந்தது. 1943 ஜனவரியில் குவாடல்கனல் பக்கம் ஜப்பானியக் குண்டு விழுந்து ஒரு பீரங்கிக் கூண்டு போனது. போர் முடிந்ததும் பிரிட்டனுக்குத் திரும்பியது. 1948 ஜூலை 5 அன்று இந்தியா அதை வாங்கி 'டெல்லி' என்று பெயர் வைத்தது. அப்போதும் அது மன்னரின் கப்பல்தான். 1950இல் குடியரசான பிறகே ஐ.என்.எஸ். டெல்லி ஆயிற்று.

இனி வருவதை ஒரு சினிமாக்காரன் எழுதினால் நம்ப மாட்டோம். பிளேட் நதியில் காலில் காயம்பட்ட அதே கேப்டன் பாரி 1948இல் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக வந்தார். 1951 வரை இருந்தார். தன் பழைய கப்பல் வேறு பெயரில், வேறு ஆட்களோடு, தன் படையின் முதன்மைக் கப்பலாக நிற்பதைப் பார்த்திருக்கிறார். கொடி ஏறிய பிறகும் 11 வருடம் நம் கடற்படைக்கு வெள்ளைக்காரர்தான் தலைவர். இதை வகுப்பில் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் முகம் சுருங்கும். 1958இல்தான் முதல் இந்தியத் தளபதியாக ராம் தாஸ் கட்டாரி பொறுப்பேற்றார். பிறந்த ஊர், நம் செங்கல்பட்டு.

தம்பியின் கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். கப்பல் பழையது, ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் புதியவர்கள். நம் ஊரில் பழைய தறியை விலைக்கு வாங்கி ஓட்டித் தொழில் படித்து, பிறகு சொந்தத் தறி போட்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 1956இல் வந்த பிளேட் நதிச் சண்டைப் படத்தில் அக்கிலீஸாக நடித்தது யார்? நம் டெல்லியேதான். 1961 டிசம்பரில் போர்த்துகீசியரிடமிருந்து டையூவை மீட்டபோது அதே கப்பல் கோட்டையைச் சுட்டது. அன்று அதன் கேப்டன் நாகர்கோவிலில் பிறந்த நீலகண்ட கிருஷ்ணன். காலனி ஆட்சிக்காரன் கட்டிய பீரங்கி, இன்னொரு காலனி ஆட்சிக்காரனைத் துரத்தப் பயன்பட்டது. வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே கிருஷ்ணன்தான் 1971இல் விசாகப்பட்டினத்தில் கிழக்குப் பிராந்தியத் தளபதி. விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, ராஜ்புத் என்ற கப்பலை விக்ராந்த் மாதிரி செய்தி அனுப்பவைத்தார். காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டுகள்தான் என்று நாம் சொல்கிறோம், உள்ளே நடந்த விபத்து என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சுவையாகப் படுவது வேறு. காஜி, அமெரிக்காவின் டையாப்லோ. ராஜ்புத், பிரிட்டனின் ரோதர்ஹாம். விக்ராந்த், பிரிட்டன் பாதியில் விட்ட ஹெர்குலிஸ். மூன்றுமே கைமாறி வந்தவை!

டெல்லி 1969இல் நியூசிலாந்துக்குப் போனபோது அக்கிலீஸின் பழைய மாலுமிகள் மறுபடி அதில் ஏறிப் பார்த்தார்கள். 1978 ஜூனில் ஓய்வு கொடுத்து, பம்பாயில் உடைத்தார்கள். உடைக்கும்போது ஒரு பீரங்கிக் கூண்டைக் கழற்றி நியூசிலாந்துக்குப் பரிசாக அனுப்பிய அந்த அதிகாரி யாரோ, அவரை நான் கும்பிடுகிறேன். நாம் விக்ராந்தையே காப்பாற்றவில்லை. மும்பையில் சில வருடம் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. பிறகு உடைபட்டு, அதன் இரும்பு பஜாஜ் 'வி' பைக்கில் போய்ச் சேர்ந்தது. நம் பஜாரில்கூட அந்த வண்டி ஓடுகிறது, ஓட்டுகிறவருக்குத் தெரியுமோ என்னவோ.

அந்தக் கூண்டு இன்றும் ஆக்லாந்தில் டெவன்போர்ட் கடற்படைத் தள வாசலில் நிற்கிறது. நம் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தால், அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். 30 வருடம் நம் கொடியோடு ஓடிய கப்பல் அது.