ஓடாவியும் நானும்

கப்பல் கட்டும் தச்சனை ஆங்கிலத்தில் 'ஷிப்ரைட்' என்பார்கள். 'ஷிப்' கப்பல், 'ரைட்' என்றால்? எழுதுவதா, சரி என்பதா? இரண்டும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வேலைசெய்பவன் என்று பொருள். 'வொர்க்' என்ற சொல்லுக்குச் சொந்தம். 1903-ல் விமானம் விட்ட ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதுவே.

தூத்துக்குடியில் இவருக்குப் பெயர் ஓடாவி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன தோணிகளெல்லாம் அவர் கைவேலை. காகிதத்தில் வரைபடம் கிடையாது. கணக்கு முழுவதும் கண்ணிலும் கையிலும். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கடலை வெளியே நிறுத்திவிடுவார்.

நாடகாசிரியருக்கு ஆங்கிலத்தில் 'பிளேரைட்' என்று பெயர். அதிலும் இருப்பது எழுத்து அல்ல, இந்தத் தச்சுவேலைதான்! இது தெரிந்ததும் பேனா பிடிக்கிற என் கர்வம் சற்று அடங்கியது. ஓடாவி ஓர் இடுக்கை அடைக்க மறந்தால் உயிர்கள் போகும். என் கதையில் ஓட்டை இருந்தால் வாசகருக்கு ஒரு கொட்டாவி, அவ்வளவுதான்.