பீடத்தில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்

மைசூர்ச் சீமையில் தமிழ்க் கத்தோலிக்கர் குடியேறிய வரலாறு, பெரும்பாலும் பிழைப்பைத் தேடி வந்தவர்களின் வரலாறேயாகும். 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் தண்டு அமைந்தது. பட்டாளத்தின் பின்னே சமையற்காரரும் கொத்தரும் சுமைகூலிகளும் வந்தனர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் பொன் தோண்டத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்ந்தனர். இவர்கள் சென்ற இடங்களிலெல்லாம், ஓலைக் குடிசையாயினும், கோவில் ஒன்று எழுந்துவிடும். பெங்களூர் அர்ச். மரியன்னை பசிலிக்காவுக்கு வித்தாயிருந்தது, செஞ்சிப் பக்கத்துத் தமிழர் வேய்ந்த காணிக்கை மாதா குடிசைக் கோவிலே என்பது வழிவழிச் செய்தி.

கோவிலில் அவர்களுக்கு மொழிக் குறை இருந்ததில்லை. புதுச்சேரி வழியாக வந்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருமார் பலர் தமிழ் பயின்றிருந்தனர். மைசூர் மிஷன் புதுச்சேரியினின்று பிரிந்ததே 1850இல்தான். பூசை இலத்தீனில் நடந்தாலும், பிரசங்கமும் செபமாலையும் தமிழில் நடந்தன. பள்ளிக்கூடத்தின் கதை வேறு.

1854இல் நல்லாயன் சபைக் கன்னியர் பெங்களூருக்கு வந்தனர். 1858இல் அர்ச். சூசையப்பர் பள்ளி தோன்றிற்று. இத்தகைய பள்ளிகள் முதலில் ஐரோப்பியர், யுரேசியர் பிள்ளைகளையே கருதி எழுந்தவை. இந்திய மாணவர்க்கெனச் சூசையப்பர் இந்தியப் பள்ளி 1904இல் தனியே அமைந்தது. ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்ட பிள்ளைகள் பள்ளி வாசலில் இரண்டாகப் பிரிந்தனர். பங்குச் சிறு பள்ளியில் எழுத்தும் ஞானோபதேசமும் கற்ற கூலிக்காரன் மகனுக்குக் கான்வென்ட் மதில் உயரமாகவே தோன்றியிருக்கும்.

1940இல் பெங்களூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்த பின்னர் மைசூர் நகரம் தன் காலில் நிற்கலாயிற்று. 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய அர்ச். பிலோமினா ஆலயம் ஏற்கெனவே வானளாவ நின்றது. 1946இல் அதே புனிதையின் பெயரால் கல்லூரியும் தோன்றிற்று. இந்து அரசர் கல் நாட்ட, பிரெஞ்சுக் குருமார் வளர்த்த சபையில் தமிழரும் கன்னடியரும் கொங்கணியரும் அருகருகே அமர்ந்தனர். அவர்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளிகளை நாடினர்.

ஏழைக் குடும்பம் அப்பள்ளியில் நுழைய முடிந்தது எவ்வாறு? இங்கே அமெரிக்க நாட்டின் நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1884இல் பால்ட்டிமோர் நகரில் கூடிய மேற்றிராணிமார், பங்குதோறும் பள்ளி வேண்டும் என விதித்தனர். ஜெர்மானியரும் போலந்தியரும் தத்தம் மொழியிலேயே பள்ளி நடத்தினர். சொற்ப ஊதியத்தில் கன்னியர் கற்பித்தனர். மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் பெருந்திரளாக வந்தபோதோ, கன்னியர் தொகை குறைந்து, சம்பளச் செலவு பெருகி, கட்டணம் ஏறிவிட்டது. ஆசிரியர் ஊதியத்துக்கு அரசு உதவலாமா என்றால், 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூடாதென்றது. அக்குடும்பங்களில் நூற்றுக்கு மூன்றே கத்தோலிக்கப் பள்ளியை நாடுவதாக நோட்டர் டேம் பல்கலைக்கழகக் குழு 2009இல் வருந்தியது. பக்தி குறைந்ததன்று காரணம்; பணப்பை குறைந்ததே முதற்காரணம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் 1854ஆம் ஆண்டுக் கல்வியறிக்கை வகுத்த உதவிமானிய முறை மைசூரிலும் வேரூன்றியது. மதப் பள்ளியாயினும் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் கிடைத்தது. அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையோர் பள்ளி என்பதற்காக மானியத்தில் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. தங்கவயல் தொழிலாளியின் மகளும் இரயில்வே ஊழியரின் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்ததற்கு இந்த மானியமே பெருந்துணை.

மொழி விஷயத்திலோ விசித்திரமான நிலை விளைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்ததும், பெங்களூர்க் கோவில்களில் தமிழா, கன்னடமா என்ற சச்சரவு மூண்டு, பல ஆண்டுகள் ஓயவில்லை. பீடத்தருகே மொழிக்காகப் பொருதவர்களே பள்ளி வாசலில் ஆங்கில வகுப்புக்கு வரிசையில் நின்றனர். தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யவேண்டுமென்று 1956இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகிறது. அதைக் கேட்டுப் பெறத் துணிந்த பெற்றோர் சிலரே. முதல் நான்கு வகுப்புகள் தாய்மொழியிலோ கன்னடத்திலோ நடக்கவேண்டுமென்று 1994இல் கர்நாடக அரசு ஆணையிட்டது. பயிற்றுமொழியை அரசு திணிக்கலாகாது, அத்தெரிவு பெற்றோருடையது என்று 2014 மே 6இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

அத்தீர்ப்பைக் குறை கூற எனக்கு மனமில்லை. கூலி வேலையினின்று அலுவலகத்துக்கு ஏற நினைத்த குடும்பத்துக்கு ஆங்கிலமே படிக்கட்டு. ஆனால் அதன் விலையை ஞாயிற்றுக்கிழமைகளில் காணலாம். தமிழ்ப் பூசைக்கு வரும் சிறுவர் சிலர், தமிழ்ச் செபத்தைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துப் படிக்கின்றனர். அருகில் நிற்கும் பாட்டிக்கு அது மனப்பாடம்.